நிலைப்படிக்கு நாள் பார்த்த கதை

1

இன்று காலை ஒருவன் வந்து எங்கள் கட்டடத்தின் நிலைப்படியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஹாம்பர்கில் நாங்கள் குடியிருக்கும் இந்த மாடிக் கட்டடத்தின் பொது வாசலில் ஒரு விரல் உயரத்துக்கு இரும்புப் பட்டை ஒன்று குறுக்கே கிடந்தது. கீழ்வீட்டுக் கிழவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, இப்போது சக்கரம் வைத்த வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அவருக்குத் தடுக்குகிறதாம். அதற்காக எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் ஆட்சேபணை உண்டா என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று இன்னோர் அறிவிப்பு வந்தது. வேலை நடக்கும்போது சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளவும் என்று அப்புறம் ஒன்று. கடைசியில் வந்தவன் வேலையை முடித்துவிட்டுப் போகும்போது என் கையில் இருந்த காபி ஆறக்கூட இல்லை. பட்டையை வண்டிக்குள் வீசினான், கையைத் துடைத்தான், போய்விட்டான்.

நான் அங்கேயே நின்று அந்த இடத்தை முறைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய என் மகள் நந்தினி ஜெர்மனில் கேட்டாள், "அம்மா, தரையோடு ஏன் சண்டை போடுகிறாய்?" அவள் ஜெர்மனில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் இப்படித்தான் குடித்தனம் நடக்கிறது.

"உன் சரோஜா பெரியம்மா ஞாபகம் வந்துடுச்சுடி" என்றேன்.

"ஓ, டெலிபோன் பெரியம்மாவா?" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தடங்கல் இல்லாமல் வெளியே போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா, என் மகளுக்கு ஃபோனில் வருகிற ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரலை ஆளாக இங்கே கொண்டுவர நான் பட்ட பாட்டையும், அது முடியாமல் போன கதையையும் எழுதாமல் இன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது. எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அப்பா ரயில்வேயில் இருந்தார். சேலத்துக்காரர், மைசூருக்கு மாற்றலாகி வந்தவர் அங்கேயே ஊன்றிவிட்டார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று வளர்ந்தோம். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் எனக்குக் கோபம் வந்தால் கன்னடம் வருகிறது, அழுகை வந்தால் தமிழ் வருகிறது. ஜெர்மன் வருவது ரசீது கேட்கும்போது மட்டும்தான்.

சரோஜா அக்காவுக்குக் குழந்தையிலேயே போலியோ. இரண்டு காலும் சுகமில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சாண் உயர நிலைப்படி உண்டு. மற்றவர்கள் தாண்டிப் போவோம். அக்கா அதன் மேல் உட்கார்ந்து, ஒரு காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, இன்னொரு காலையும் தூக்கி வைத்து, அப்புறம் உடம்பை இழுத்துக்கொண்டு போவாள். வாசப்படியில் உட்காரக் கூடாது என்பது உங்களுக்கெல்லாம் தெரிந்த சாஸ்திரம்தானே? அம்மா ஒவ்வொரு தடவையும் கத்துவாள். "வாசப்படில உக்காராதடி, வீட்டுக்கு ஆகாது!" அக்காவும் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கத்துவாள். "அப்ப பறந்து போகட்டுமா?" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மஞ்சளைக் குழைத்து அந்தப் படிக்குப் பூசுவாள். வெள்ளிக்கிழமைதோறும் இது நடக்கும்.

அந்த அக்கா தபாலில் படித்துப் பட்டம் வாங்கினாள். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில், உடல் ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் ஒன்று பிடித்தாள். ஃபேக்ஸ் மெஷினும் வாங்கிப் போட்டாள். கையால் பெடல் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் ஊரைச் சுற்றி, தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து ஒரு சங்கமும் ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டு கக்கூஸிலிருந்து கலெக்டர் ஆபீஸ் மாடிப்படி வரைக்கும் அவள் சண்டை போடாத இடம் கிடையாது.

நான் பிசியோதெரபி படித்து, முரளியைக் கல்யாணம் செய்துகொண்டு ஹாம்பர்க் வந்தேன். வேலை பார்க்கிற இடத்தின் தொடர்பில், ஊனமுற்றோருக்கான சர்வதேச அமைப்பு ஒன்றின் மாநாட்டுக் குழுவில் சேர்ந்தேன். சில வருஷங்களுக்கு ஒரு தடவை பெரிய மாநாடு நடத்துவார்கள். "யாரும் வெளியே இல்லை" என்பது அவர்களுடைய கோஷம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

மாநாடு நடந்ததெல்லாம் ஐரோப்பாவில், இல்லாவிட்டால் அமெரிக்காவில். அக்கா கட்டுரை அனுப்புவாள். பிரமாதம், நேரில் வந்து படியுங்கள் என்று பதில் வரும். விசாவுக்கு மெட்ராஸ் போவாள். விசா கிடைக்காது. ஒரு தடவை அந்த அதிகாரி, "நீங்கள் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறான்.

"ஓடிப்போயிடுவேன்னு பயப்படறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள் அக்கா. "என் காலைப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

அவன் சிரித்தானாம். சிரித்துக்கொண்டே இல்லை என்று முத்திரை குத்தினானாம். இதை ஃபோனில் சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அப்புறம், "ஒரே ஒரு தடவைடி" என்றாள். "என்னை மாதிரி ஆளுங்க ஒரு ஹால் நிறைய உக்காந்திருக்கறதைப் பாக்கணும். மத்தபடி ஊர் சுத்தற ஆசை ஒண்ணும் எனக்கில்ல."

3

அடுத்த மாநாட்டுக்கு ஊர் தேர்வு செய்யும் கூட்டம் பிரஸ்ஸல்ஸில் நடந்தது. எல்லோரும் வியன்னா, வியன்னா என்றார்கள். அங்கே டிராம் வண்டியில் சக்கர நாற்காலியோடு ஏறலாம், எல்லாக் கட்டடத்திலும் லிஃப்ட் இருக்கிறது, தெருவில் குண்டுமணி அளவுகூட மேடு பள்ளம் கிடையாது. சரி, ஆனால் யார் போய் இறங்குவது? ஆப்பிரிக்காவிலிருந்து ஒருத்தருக்கு விசா கிடைத்தால் அதிர்ஷ்டம், எங்கள் பக்கம் அதுவும் இல்லை. நான் எழுந்தேன். நிதானமாக ஆரம்பித்துக் கடைசியில் கன்னடத்தில் "சாக்கு!" என்று கத்திவிட்டேன். போதும் என்று அர்த்தம். அவர்கள் அதை ஏதோ பெல்ஜியத்து மொழி என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

"எங்கள் ஊரில் நடத்துங்கள்" என்றேன். "உங்களுக்கெல்லாம் எங்கள் நாட்டு விசா சுலபமாகக் கிடைக்கும்."

குழுத் தலைவி பிர்கிட் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். வாலிப வயதில் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டவள். தன் நாற்காலியைத் தானே ஓட்டுவாள், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை நாலு பேர் அவளைத் தூக்குகிறோம் என்று படிக்கட்டில் கீழே போட்டிருக்கிறார்கள், அன்றிலிருந்து அப்படி. "உன் ஊரின் பெயரை எழுதிக் கொடு" என்றாள். "நான் நேரில் வந்து பார்க்கிறேன். ஓட்டெடுப்பு அதற்குப் பிறகு."

வீட்டுக்கு வந்து சொன்னபோது முரளி தலையில் கை வைத்துக்கொண்டார். "வேலில போற ஓணானை எடுத்து மடில விட்டுக்கறதுன்னா உனக்கு அவ்வளவு இஷ்டம்" என்றார். அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். அவள் மெதுவாக, "மைசூர்லயா? நம்ம மைசூர்லயா? நான் என் வண்டிலயே போயிடலாமேடி!" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு ஓணானாவது ஒன்றாவது.

4

இனிமேல்தான் என் பேஜாரு ஆரம்பம்.

மைசூரில் வரவேற்புக் குழு அமைத்தோம். தலைவர் நஞ்சுண்டய்யா. அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், தேவராஜ மொஹல்லாவுக்குப் பின்பக்கம் பெரிய கல்யாண மண்டபம் வைத்திருந்தார். தங்கமான மனுஷர். மண்டபத்தை இனாமாகத் தருகிறேன் என்றார். மாநாட்டையே தன் வீட்டுக் கல்யாணமாக எடுத்துக்கொண்டுவிட்டார், அதுதான் வினை.

நான் இங்கிருந்து ஃபேக்ஸ் அனுப்புவேன். கழிப்பறைக் கதவின் அகலம் என்ன? பதில் வரும், வரவேற்புக்கு நாதஸ்வரமா, பேண்டு வாத்தியமா? வாசலில் சாய்வுப் பாதை எத்தனை அடி நீளம்? பதில் வரும், பிஸிபேளே பாத்துக்குக் காரம் குறைக்கச் சொல்லிவிட்டோம், மைசூர் பாகு நெய்யில்தான். காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா? பதில் வரும், விருந்தினர் எல்லோருக்கும் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை கட்டி, சந்தன மாலை போட்டு, சால்வை போர்த்துவோம். ஒரு தடவை, தசரா யானை ஒன்றை ஏற்பாடு செய்யலாம் என்றுகூட வந்தது. நான் யானைக்குப் பதில் எழுதவில்லை.

எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு வரி இருக்கும்: கவலை வேண்டாம், அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம். படி இருந்தால்? நாலு ஆள் வைத்துத் தூக்கிவிடலாம். லிஃப்ட் இல்லையென்றால்? நாலு ஆள் வைத்துத் தூக்கிவிடலாம். அந்த நாலு ஆட்களைக் கனவில்கூடப் பார்த்து நான் பல்லைக் கடித்தேன்.

அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். "தூக்கவே கூடாதுன்னு அந்த மனுஷர்கிட்ட சொல்லுக்கா! பிர்கிட் யாரையும் தொடவே விட மாட்டா. அவளா ஏறி, அவளா உள்ள போகணும். படியே இருக்கக் கூடாது!"

"சும்னே இருடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். தினமும் பூத்தை மூடிவிட்டு மண்டபத்துக்கு வண்டியில் போய், மேஸ்திரியின் தலைமேல் உட்காராத குறையாகச் சாய்வுப் பாதை கட்ட வைத்தாள். சரிவு அதிகமாக இருக்கிறது என்று ஒரு தடவை இடித்து மறுபடி கட்ட வைத்தாள். நஞ்சுண்டய்யா முகம் கோணவில்லை. செலவெல்லாம் அவருடையதுதான்.

"முடிஞ்சதுடி" என்று ஒரு நாள் ஃபோன் வந்தது. "என் வண்டில நானே மேல வரைக்கும் ஏறிப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி இருக்கு. உன் வெள்ளக்காரியக் கூட்டிட்டு வா."

5

பிர்கிட்டுக்கு டிக்கெட் கிடைத்த தேதி ஒரு செவ்வாய்க்கிழமையில் போய் விழுந்தது. பெங்களூரிலிருந்து வேனில் கிளம்பினோம். ஸ்ரீரங்கப்பட்டணம் பாலத்தில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பிர்கிட் ஜன்னல் வழியாகக் காவேரியைப் பார்த்து, "அழகான ஊர்" என்றாள். இன்னும் ஊருக்குள்ளேயே வரவில்லையம்மா என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தங்கும் விடுதி, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் மறுநாள் பார்ப்பதாகவும், மண்டபம்தான் முதலில் என்றும் ஏற்பாடு.

மண்டபத்து வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், நாதஸ்வரம். எது வேண்டும் என்று நான் சொல்லாததால் பேண்டு வாத்தியமும் வைத்திருந்தார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். சங்கத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் ஊன்றுகோலோடும் வண்டியோடும் நின்றார்கள். சாய்வுப் பாதை, சத்தியமாகச் சொல்கிறேன், ஐரோப்பாவில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் கோலம். பிர்கிட் தானே சக்கரத்தைச் சுற்றி ஏறினாள். பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்தோம் என்று நினைத்தேன்.

உச்சிக்குப் போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

சாய்வுப் பாதை முடிகிற இடத்தில் தலைவாசல். தலைவாசலில், ஒரு சாண் உயரத்துக்கு, தேக்கு மர நிலைப்படி. அன்று காலையில் புதிதாக மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூ வைத்திருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற நஞ்சுண்டய்யாவிடம் திரும்பி, "இது என்ன?" என்று கேட்டேன்.

"எது?" என்றார் நஞ்சுண்டய்யா. அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"இந்தப் படி!"

"படி எங்கம்மா இருக்கு? மெட்டிலு எல்லாம் மூடியாச்சே. இது ஹொசிலு அல்லவா?" என்றார். மெட்டிலு என்றால் படிக்கட்டு. ஹொசிலு என்றால் நிலைப்படி. அவர் கணக்கில் படிக்கட்டு கட்டடத்தில் சேர்ந்தது, நிலைப்படி சாமியில் சேர்ந்தது. சாமியை யாராவது தடங்கல் என்று எண்ணுவார்களா?

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. "அக்கா, நீ தினமும் இங்க வந்தியே! ஏறிப் பாத்தேன்னியே!"

"ஏறினேன்டி" என்றாள். "மேல வந்து, வண்டிய விட்டு இறங்கி, வாசப்படில உக்காந்து, எப்பவும் போல உள்ள போனேன். அது... அது வாசப்படிதானேடி. அது எப்பவும் இருக்கறதுதானே."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேறு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. அதற்குள் சீருடை போட்ட நாலு ஆட்கள் எங்கிருந்தோ ஓடி வந்து பிர்கிட்டின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். கனவில் வந்த அதே நாலு பேர்! "நோ" என்றாள் பிர்கிட். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். நாதஸ்வரம் நின்றது. பேண்டுக்காரர்களுக்கு விஷயம் தெரியாததால் அவர்கள் மட்டும் கொஞ்ச நேரம் வாசித்தார்கள்.

6

"கார்ப்பெண்டரைக் கூப்பிடுங்க" என்றேன். "இப்பவே அறுத்து எடுங்க."

நஞ்சுண்டய்யா இரண்டு கையையும் கூப்பினார். "எடுக்கறேன்ம்மா. நான் மாட்டேன்னு சொல்லல. இவ்வளவு செஞ்சவன் இதைச் செய்ய மாட்டேனா? ஆனா இன்னைக்கு ஆகாது. செவ்வாய்க்கிழமை, அதுல அஷ்டமி வேற. தலைபாகிலுல, தலைவாசல்ல, உளி வெக்கக் கூடாது. நாளைக்கு நவமி. வியாழக்கிழமை தசமி, ஒள்ளே தின, நல்ல நாள், முகூர்த்தமும் இருக்கு. பூஜை பண்ணி எடுத்துடறேன்."

"வியாழக்கிழமை விடியறப்ப அவ ப்ளேன்ல இருப்பா!"

"டிக்கெட்ட மாத்தலாமே? அட்ஜஸ்ட் மாடிகொள்ளி."

நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. கன்னடத்தில் பேசினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பிர்கிட்டிடம் போய், டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். அடுத்த ஊரில் அவளுக்கு வியாழக்கிழமையே வேலை ஒப்புக்கொண்டாயிற்று, முடியாது. வியாழக்கிழமை நிச்சயம் எடுத்துவிடுவார்கள், அறிக்கையில் அப்படி எழுத முடியுமா என்று கேட்டேன். "பார்வையிட்ட நாளில் கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும், அதுதான் விதி" என்றாள். இவருக்குப் பஞ்சாங்கம், அவளுக்கு விதிப்புத்தகம். இரண்டுக்கும் நாள்தான் முக்கியம், மனுஷர் முக்கியமில்லை. நடுவில் நான் ஒருத்தி லோல்படுகிறேன்.

அப்போதுதான் அக்கா வண்டியை விட்டு இறங்கினாள். கையை ஊன்றி நகர்ந்து போனாள். போய், மஞ்சள் குங்குமம் வைத்த நிலைப்படியின் நட்டநடுவில், பட்டுப்புடவையோடு உட்கார்ந்தாள்.

"சரோஜம்மா!" என்று பதறினார் நஞ்சுண்டய்யா.

"எங்கம்மா சொல்லுவாங்க, வாசப்படில உக்காந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு" என்றாள் அக்கா. "வாழ்க்கை பூரா எங்க போனாலும் இதுல உக்காந்துதான் சார் நான் உள்ள போயிருக்கேன். அப்பல்லாம் யாருக்கும் ஒண்ணும் ஆகல. இப்ப சொல்றேன், இதை எடுக்கற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"வியாழக்கிழமை எடுக்கறேன்னு சொல்றேனே தாயி. என் மேல நம்பிக்கை இல்லயா?"

"உங்க மேல இருக்கு சார். வியாழக்கிழமை மேலதான் இல்ல."

அந்த மனுஷர் கண்ணில் பொலபொலவென்று கண்ணீர். மண்டபத்தில் அந்த வாரமே கல்யாணம் இருந்தது. அஷ்டமியில் உளி வைத்து அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஆயுசுக்கும் தன்னால் தூங்க முடியாது என்றார். அவரையும் என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

பிர்கிட் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அக்காவுக்கு எதிரே வந்தாள். "இவர் என்ன செய்கிறார்?" என்று என்னைக் கேட்டாள்.

"உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்."

"நல்லது" என்றாள் பிர்கிட். "நானும் இங்கேயே இருக்கிறேன்."

சாப்பாடு அங்கேயே வந்தது. சாய்வுப் பாதையின் உச்சியில் பிர்கிட் மடியில் தட்டை வைத்து, தட்டில் இலையைப் போட்டு, பிஸிபேளே பாத்தைக் கரண்டியால் சாப்பிட்டாள். அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டாள். இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷில் என்னென்னவோ பேசிச் சிரித்தார்கள். சங்கத்து ஆட்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே விரித்து வைத்த நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. பொழுது சாயும்போது அக்கா தானாகவே எழுந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசப்படியில் உட்கார்ந்திருக்க அவளாலும் முடியவில்லை. அவளும் அம்மாவின் பெண்தானே.

7

மறுநாள் விடுதியும் ஸ்டேஷனும் பார்த்துவிட்டுப் பெங்களூர் திரும்பினோம். வியாழக்கிழமை, தசமியில், குறித்த முகூர்த்தத்தில், புரோகிதரை வைத்துப் பூஜை செய்து நஞ்சுண்டய்யா நிலைப்படியை எடுத்தார். சொன்ன சொல் தவறவில்லை. எடுத்த கட்டையைப் பட்டுத்துணியில் சுற்றித் தன் வீட்டுப் பூஜை அறையில் வைத்துவிட்டார். கட்டை போன வாசலில் நின்று போட்டோ பிடித்து, அக்காவையும் வண்டியோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தபாலில் அனுப்பினார்.

ஓட்டெடுப்பில் பிர்கிட்டின் அறிக்கையை வாசித்தார்கள். பார்வையிட்ட நாளில் நுழைவாயில் கடக்கக்கூடியதாக இல்லை. வரவேற்பு மிக அன்பானது. அவ்வளவுதான். எடுத்துவிட்டார்கள், என் அக்கா ஃபோனில் சொன்னாள் என்று கத்தினேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். போட்டோ வந்து சேர்ந்தபோது வியன்னா என்று முடிவாகி, அந்த ஊர் மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. பிர்கிட் போட்டோவை நெடுநேரம் பார்த்தாள். "மன்னித்துவிடு" என்றாள். அதை வைத்து நான் என்ன செய்ய?

அக்கா மறுபடி விசாவுக்குப் போனாள். மறுபடி இல்லை. இந்தத் தடவை காலைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லையாம். சொல்லி அலுத்துவிட்டது என்றாள்.

மாநாட்டில் அவள் பெயர் இருந்த நேரத்துக்கு ஃபோனிலாவது பேசட்டும் என்று நான் ஏறாத படியில்லை. அதற்கு முன்மாதிரி கிடையாது என்றார்கள். கடைசியில் பிர்கிட் மேஜையைத் தட்டியதால் ஒப்புக்கொண்டார்கள். டெலிபோனை மைக்கோடு இணைத்தார்கள். தேவராஜ மொஹல்லாவிலிருந்து, தன் பூத்திலிருந்தே அக்கா கூப்பிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ தள்ளுமுள்ளு. முதலில் வந்தது நஞ்சுண்டய்யாவின் குரல். "ஹலோ வியன்னா! எல்லார்க்கும் ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். ஹால் சிரித்தது.

பிறகு அக்கா. இங்கிலீஷில் எழுதி வைத்திருந்த கட்டுரையை அவள் படிக்கவில்லை. தமிழில் பேசினாள், நான் வரிக்கு வரி சொன்னேன்.

"நான் மைசூர்லேந்து பேசறேன். எங்க மண்டபத்துல ஒரு வாசப்படி இருந்துச்சு. அது இருக்குன்னே எங்களுக்குத் தெரியல. எனக்கே தெரியல. நீங்க வந்து நின்னீங்க, அப்பதான் தெரிஞ்சுது. எடுத்துட்டோம். ரெண்டு நாள் லேட்டு, ஆனா எடுத்துட்டோம். அதுக்கப்புறம் அங்க நாலஞ்சு கல்யாணம் ஆயிடுச்சு. எல்லாரும் நல்லாதான் இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க ஊர்லயும் ஒரு வாசப்படி இருக்கு. அது மெட்ராஸ்ல, ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால இருக்கு. உங்களுக்கும் அது தெரியலன்னு நினைக்கறேன். நான் அங்க மூணு தடவை உக்காந்துட்டு வந்துட்டேன். நீங்க அதை எப்ப எடுப்பீங்க? மீட்டர் ஓடுது, வெச்சுடறேன்."

கடைசி வரியையும் மொழிபெயர்த்து முடித்தேன். ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது, அதாவது எழ முடிந்தவர்கள். மறுநாள் விசா பிரச்சினையை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். நானும் அதில் இருக்கிறேன். இன்றுவரை மூன்று தடவை கூடியிருக்கிறோம். ஒரு தடவை, துணைக்குழுவின் பெயரை என்னவென்று வைப்பது என்பதிலேயே பொழுது போய்விட்டது.

8

இதை இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, சாயங்காலம் அக்காவுக்கு ஃபோன் போட்டு இங்கே காலையில் நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, செலவு யார் தலையில் என்று எங்களுக்குள் எப்போதும் வருகிற சண்டை வந்தது. அவள் என்னை வைக்கச் சொல்லிவிட்டு, தன் பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிட்டாள். வீம்புக்காரி.

"எடுத்த பட்டைய என்னடி பண்ணாங்க?" என்றாள் முதலில்.

"வண்டில தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டான்."

"அடப்பாவி. ஒரு பூகூட வெக்காமயா? நாள் பாத்தாங்களா?"

நீங்கள் நம்ப மாட்டீர்கள், சமையலறையில் ஊரிலிருந்து வந்த காலண்டர் தொங்குகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "இன்னைக்கு அஷ்டமிக்கா" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் லைன் கரகரத்தது. நந்தினி என்னவென்று எட்டிப் பார்த்தாள். ஃபோனை அவளிடம் நீட்டினேன். "ஹலோ பெரியம்மா, நல்லா இருக்கீங்களா" என்று தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்லி என்ன, பார்த்தே இராத ஆளிடம் வேறு என்னதான் பேசுவாள்?

"சரி, உன் வீட்டு வாசல்ல வழி ஆயிடுச்சு" என்றாள் அக்கா. "நான் எப்ப வரட்டும்?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு, மீட்டர் ஓட ஓட, என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.